மலைநாட்டுத் தமிழ் வழுத்தமிழோ?

நம் கல்லூரி அன்னை விழாக் கொண்டாடும் இவ்வேளையில், அவள் மடியில் வளர்ந்தோர் பலரும் அவளது பழம்பெருமையை எழுதி மகிழ்வர். அது முறையே. ஆயின், பெருமை பேசுதற்குப் பலர் உளர். ஒரு குறையை ஒப்புக்கொள்ளுதற்கும் ஒருவர் வேண்டுமன்றோ? அக்குறை கல்லூரியினது அன்று. அங்கே தமிழ் கற்று, பின்னர் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று, அட்டன் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றிற்குத் தமிழ் கற்பிக்கச் சென்ற எம்முடையது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அம்மலைகளில் யாம் கற்பித்தவை சில, கற்றவை பல. கற்றவற்றுள் ஒன்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

யாம் அங்குச் சென்ற முதலாண்டில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘எனது தாய்’ என்னும் பொருள்பற்றி எழுதிய கட்டுரையில், ‘விடியக்காலையில் அம்மா நெரை பிடிக்க மலைக்குப் போவார்’ என்று எழுதியிருந்தாள். யாம் ‘நெரை பிடிக்க’ என்பதன்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டுக் ‘கொழுந்து பறிக்க’ என்று எழுதினோம். ‘மலைக்கு’ என்பதையும் விட்டோமல்லோம். அதனைத் ‘தேயிலைத் தோட்டத்துக்கு’ எனத் திருத்தினோம். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஏட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் அமர்ந்தாள். அதன் பின்னர் அவள் எழுதிய கட்டுரைகளில் வழு எதுவும் இருக்கவில்லை, தாயும் இருக்கவில்லை. ‘எமது கிராமம்’ பற்றி எழுதுக என்றபோது, வயலும் வரம்பும் குளமும் தென்னஞ்சோலையும் நிறைந்த ஓர் ஊரை எழுதினாள். அத்தகைய ஊரை அவள் கண்டதேயில்லை. அது பாடநூலில் இருந்த ஊர். அக்கட்டுரைக்கு யாம் நிறைந்த புள்ளிகள் வழங்கினோம் என்பதை இன்று நாணத்துடன் எழுதுகின்றோம்.

சில திங்கள் கழித்து, பெற்றோர் ஒருவரைக் காணும்பொருட்டுக் காலையிலேயே மலைக்குச் செல்லவேண்டி நேர்ந்தது. ஆட்கள் கூடிநின்று வேலைக்குப் பிரிக்கப்படும் பெரட்டு முடிந்து, பெண்கள் கூடையை முதுகிலிட்டு, இடுப்பிற் படங்கைச் சுற்றிக் கட்டி நின்றார்கள். கங்காணியார் இன்னார்க்கு இன்ன வரிசை என்று தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்தார். அவ்வரிசையே நிரை. நிரையைப் பிடித்தவள் அதன் தொங்கல்வரை கொழுந்தெடுத்துச் செல்லல் வேண்டும். நல்ல நிரை வாய்த்தவளுக்குக் கூடை நிறையும். பொல்லாத நிரை வாய்த்தவளுக்கு நிறுவையிலே நிறை குறையும். ஆகவே, ‘நிரை பிடித்தல்’ என்பதும் ‘கொழுந்து பறித்தல்’ என்பதும் ஒன்றல்ல. அப்பிள்ளை எழுதியது, தன் தாய் இருள் பிரியுமுன் எழுந்து ஓடுவதன் காரணத்தை. யாம் திருத்தியது அக்காரணத்தையே அழித்துவிட்டது.

அதனினும் பெரிய நாணம் ஒன்று உண்டு. ‘நிரை’ எமக்குப் புதிய சொல்லா? நேரும் நிரையும் அசை என்று கரும்பலகையில் எழுதியவர் யாமே. வெட்சியார் நிரை கவர்தலையும் கரந்தையார் நிரை மீட்டலையும் உணர்ச்சி பொங்க விரித்துரைத்தவரும் யாமே. நிலத்தை ‘நெலம்’ என்றும் விலையை ‘வெலை’ என்றும் தமிழ்நாவு திரிக்கும் இயல்பினாலேயே நிரையும் ‘நெரை’ ஆயிற்று. எழுத்து ஒன்றைத் திருத்தி, ‘நல்ல சொல்’ என்று அருகில் எழுதியிருத்தல் வேண்டும். ஏட்டிலே கண்டபோது கைகூப்பிய சொல்லை, ஏழைப் பெண்ணின் வாயிலே கேட்டபோது யாம் இனங்காணவில்லை.

இவ்வாறே பீலி என்னும் சொல். எம் மாணவன் ஒருவன், ‘பீலியில் குளித்துவிட்டு வந்தேன்’ என்றான். திருக்குறளிலே பீலி மயிலிறகு. யாழ்ப்பாணத்து அன்பர்க்கோ வீட்டுக் கூரையின் தாழ்வாரத்தில் மழைநீரை ஏந்தும் பீலி நினைவுக்கு வரும். மலைநாட்டிலே அது, மலையிடுக்கிலிருந்து வரும் ஊற்றுநீர் வீழும் இடம். லயத்துப் பெண்கள் துணி துவைப்பதும் குடம் நிறைப்பதும் ஊர்ச்செய்தி பேசுவதும் பீலிக்கரையிலேதான். ஒரு சொல் மூன்று நிலங்களில் மூன்று பொருள் பெற்று வாழ்கின்றது. இதனைக் கேட்டு மகிழவேண்டிய தமிழாசிரியர், ‘மயிலிறகிலா குளித்தாய்?’ என்று கேட்டு வகுப்பைச் சிரிக்கவைத்தார். அவர் வேறு யாருமல்லர்.

‘கங்காணி’ என்பதை எடுத்துக்கொள்வோம். கண்காணி என்னும் தூய தமிழ்ச்சொல், சோழர் கல்வெட்டுகளிலே மேற்பார்வையாளனைக் குறித்த அதே சொல், கடல் கடந்து தோட்டத்திற்கு வந்து கங்காணி ஆயிற்று. ஆங்கிலேயர் அதனைத் தம் மொழியிலும் எடுத்துக்கொண்டனர். அவர் கொள்ளத் தகும் என்று கருதிய சொல்லை நாம் கொச்சை என்று தள்ளலாமோ?

‘தமிழ்ச்சொற்கள் கிடக்கட்டும், பெரட்டு, லயம், காம்பரா என்பன பிறமொழித் திரிபுகள் அல்லவா? அவற்றையுமா ஏற்பது?’ என்று கேட்கும் அன்பர் இருப்பர். அவ்வன்பர் அக்கேள்வியைக் கேட்கும்போது அமர்ந்திருப்பது கதிரையில். கதிரை போர்த்துக்கேயர் தந்தது. அவர் பக்கத்திலே திறந்திருக்கும் யன்னலும் போர்த்துக்கேயர் தந்ததே. அவர் தோட்டத்து மண்ணைக் கிளறும் அலவாங்கும் அவ்வாறே. அவர் தந்தையார் உத்தியோகம் பார்த்த கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. இவற்றை நாம் பாடநூலில் அச்சிடுகின்றோம்; பிள்ளைகளைக் கொண்டு சொல்வதெழுதுவிக்கின்றோம். கதிரை தமிழாயின் காம்பராவும் தமிழே. இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை. வேறுபாடு சொல்லில் இல்லை. அச்சொல்லைச் சொல்வோர் இருக்கும் இடத்தில் இருக்கின்றது. ஒன்று கல்வீட்டில் வாழ்கின்றது. மற்றது லயத்தில் வாழ்கின்றது.

இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. முன்னாளிலே கல்வியின் பொருட்டுச் சென்னைக்குச் சென்ற நம்மவர் வாய்திறந்து பேசியபோது, ‘இது மலையாளமா?’ என்று கேட்டு நகைத்தவர் பலர். நம் மூதாதையர் அதற்குத் தலைகுனிந்தனர் அல்லர். தமிழறிவால் விடையிறுத்தனர். ஆறுமுகநாவலரின் உரைநடையைத் தமிழுலகம் முழுவதும் ஏற்றது. நம்மை நோக்கி நகைத்தவரை மறவாத நாம், அதே நகைப்பை அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏற்றிச் செல்வது எந்த நியாயம்? செய்யுளுக்கு உரிய சொற்களை வகுத்த தொல்காப்பியனார், இயற்சொல்லோடும் திரிசொல்லோடும் திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்தார். இலக்கண முதல்வர் திறந்து வைத்த வாயிலை, பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைக் கையிற்கொண்டு யாம் அடைத்தல் தகுமோ?

இப்பேச்சுமொழி எவ்வாறு பிறந்தது என்பதை எண்ணுதல் நலம். 1820களிலே கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தொடங்கி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலாய பகுதிகளிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலை மலைகளை மூடியது. ஒரே லயத்திலே ஒரு காம்பராவிற் சேலத்துப் பேச்சு. சுவருக்கு அப்பால் இராமநாதபுரத்துப் பேச்சு. ஐந்தாறு தலைமுறையில் அவை ஒன்றோடொன்று கலந்து, சிங்கள அயலாரின் சொற்களையும் தோட்டத்துரையின் சொற்களையும் ஏற்று, வேறெங்கும் இல்லாத ஒரு தமிழாயின. இதனை எந்தப் புலவரும் ஆக்கவில்லை. கொழுந்தெடுத்த பெண்களும் கவ்வாத்து வெட்டிய ஆண்களும் ஆக்கினர்.

ஆக்கியவர்க்கு இந்நாட்டில் இடம் என்ன கிடைத்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவுசெய்வதென்றும் தீர்மானிக்கப்பட்டது. அவ்வாறு சென்றோருட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் மீண்டும் தேயிலைக்கே போயினர். அங்கே அவர்க்குப் பெயர் ‘சிலோன்காரர்’. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. உரிமைச் சீட்டு எதுவும் இல்லாதிருந்த அவ்வாண்டுகளிலே அம்மக்கள் கையிலிருந்து எவராலும் பறிக்க முடியாதிருந்த உடைமை, அவர் பேசிய மொழி ஒன்றே. அதனைப் பறிக்கும் வேலையைச் சட்டம் செய்யவில்லை. எம்போன்றோரின் சிவப்பு மை செய்தது.

ஒரு பேச்சுமொழி ஏட்டில் ஏறாவிடின் அதற்கு வருவது என்ன என்பதை அறிய, தேயிலையால் நமக்கு உறவான இன்னொரு மலைநாட்டை நோக்குவோம். அசாமிலே காச்சார் என்னும் பகுதி உண்டு. அங்கும் 1850களிலே தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அங்கும் தொலைவிடங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். தோட்டங்கள் எழுமுன் அந்நிலத்தை ஆண்டவர் திமாசா மக்கள். அவர் மொழியில் ‘தி’ என்பது நீர். ‘மா’ என்பது பெரிது. ‘சா’ என்பது பிள்ளை. பெரிய ஆறாகிய பிரமபுத்திராவின் பிள்ளைகள் என்பது அப்பெயரின் பொருள் என்பர். மகாவலியின் தலைநீர் பிறக்கும் மலைகளில் வாழும் எம் மாணவர்க்கு இதனைச் சொன்னபோது, ‘அப்போ நாங்களும் அவங்க மாதிரிதானே சார்?’ என்றான் ஒருவன்.

அம்மக்கள் கூலிகளாய் இருந்தவர் அல்லர். முடியுடை வேந்தரைக் கொண்டிருந்தவர். திமாப்பூர், மாய்பாங், காஸ்பூர் என்பன அவர்தம் தலைநகர்களாய் அடுத்தடுத்து விளங்கின. 1832இல் ஆங்கிலேயர் அவ்வரசைக் கைக்கொண்டனர். ஆயினும், அரசு வீழ்வதற்கு முன்னரே அரசவையின் ஏட்டுமொழியாக வங்கமொழி நிலைபெற்றுவிட்டது. தம் தாய்மொழியை அரசவை எழுதவில்லை. அது மலைவீட்டு அடுப்பங்கரையில் நாவளவில் நின்றது. அச்சமூகத்திலே தந்தைவழிக் குலம் மகனுக்கும் தாய்வழிக் குலம் மகளுக்கும் உரியனவாதல் வழக்கம். அங்ஙனம் தாயின் குலப்பெயரைக் காத்த மகளிரே தாயின் மொழியையும் காத்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகின்றது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 1,37,000 பேர். அதன் உறவுமொழியாகிய போடோ 2003இல் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது, திமாசா பெறவில்லை. வடகாச்சார் மலை என்று வழங்கிய மாவட்டம் 2010இல் திமா ஹசாவ் எனப் பெயர் பெற்றது. பெயர் மீண்டது, மொழியோ இன்றும் தன் பிள்ளைகளின் பள்ளியில் இடந்தேடி நிற்கின்றது.

திமாசா தனிமொழி, மலைநாட்டுப் பேச்சு தமிழே. இரண்டும் ஒன்றெனச் சொல்வேமல்லேம். ஆயினும் படிப்பினை ஒன்றே. முடியும் கோட்டையும் இருந்தும், தன் பிள்ளைகள் எழுதக் கற்கும் இடத்தில் இல்லாத பேச்சு மெலியும். மலைநாட்டவர்க்கு முடியுமில்லை, கோட்டையுமில்லை. ஆயின் எழுத்து உண்டு, இலக்கணம் உண்டு, ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உண்டு. அவ்வளவு பெரிய வீட்டிலே அவர்தம் சொற்களுக்கு ஒரு திண்ணை கொடுப்பதற்குத் தடை என்ன?

இரண்டு தடைகளைச் சொல்வர். முதலாவது, பரீட்சை. ‘சாதாரண தரப் பரீட்சையில் ‘நெரை’ என்று எழுதினால் புள்ளி கிடைக்குமா?’ என்று பெற்றோரே கேட்கின்றனர். கிடைக்காது. ஆதலால் செந்தமிழைக் குறைவறக் கற்பித்தல் எம் கடன். அதிற் சிறிதும் தளர்ச்சி கூடாது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல தமிழ் வேண்டா என்பான் அப்பிள்ளைக்குப் பகைவன். ஆயின், புதிய வீட்டிற்குச் செல்வதற்குப் பழைய வீட்டை எரித்தல் வேண்டுமோ? ‘உன் வீட்டிலே நிரை என்று சொல்வது இது, நூலிலே வரிசை என்று சொல்வதும் உண்டு, இன்ன இடத்தில் இன்னது எழுதுக’ என்று கற்பித்தால் பிள்ளை இரண்டையும் பெறும். ‘உன் வீட்டுப் பேச்சுப் பிழை’ என்று கற்பித்தால், முதலில் பேச்சை நிறுத்தும். பின்னர் பள்ளியையே நிறுத்தும்.

இரண்டாவது தடை வலிமை மிக்கது. அதனைச் சொல்வோர் தோட்டத்திற் பிறந்து கற்றுயர்ந்த இளைஞர். ‘துரை, பெரட்டு, துண்டு என்பன எங்கள் அடிமை வாழ்வின் சொற்கள். அவை அழியட்டும், நாங்கள் மறக்கவே விரும்புகின்றோம்’ என்பது அவர் கூற்று. அதன் பின்னாலுள்ள புண்ணை யாம் அறிவோம். ஆயினும் அவரிடம் இரு சொற்களைப் பணிவுடன் நினைவூட்ட விரும்புகின்றோம்.

ஒன்று, ‘பற்றுச்சீட்டு’. எம் பாடசாலையில் வசதிக் கட்டணம் செலுத்த வந்த ஒரு மூதாட்டியாரிடம், ‘பாட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு போங்கள்’ என்றோம். அவர் கை பின்வாங்கியது. ‘பத்துச்சீட்டா? என்ன தப்புப் பண்ணினோம் சாமி?’ என்றார். பிற்பாடுதான் அறிந்தோம்: தோட்டத்திலே பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நீக்கி, லயத்தைவிட்டு வெளியேற்றும் சீட்டு. அச்சீட்டைப் பெற்ற குடும்பம் சட்டிபானையோடு தெருவில் நிற்கும். நமக்குப் பணம் பெற்றதற்குச் சான்றான சொல், அவர்க்கு வாழ்வு இழந்ததற்குச் சான்று. இந்தப் பொருளை எந்த அகராதியில் எழுதிவைத்தோம்? அவர் மறைந்தால் அதுவும் மறையும்.

மற்றது, ‘பேர்’. ஒரு நாள் உழைத்தால் கணக்கேட்டில் விழுவது ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிடின் அரைப்பேர். பேர் என்பது பெயர் அன்றோ? மழையிலும் பனியிலும் அட்டை கடிக்க நாள் முழுதும் நின்றவளுக்குக் கொழுந்து குறைந்தால், அன்றைக்கு அவள் பாதிப் பெயர். ஒரு நூறு பக்க வரலாற்று நூல் சொல்லமுடியாததை இந்த ஒரு சொல் சொல்கின்றது. துண்டு முறை 1921இலே சட்டத்தால் ஒழிந்தது. அது ஒழிந்ததே நலம். ஆயின் ‘துண்டு’ என்னும் சொல்லும் ஒழிந்தால், கடன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள் என்பதற்கு அவர் பேரப்பிள்ளையின் நாவிலே சாட்சி எங்கே? அடிமைத்தனம் அழிக, சாட்சி அழியற்க.

எழுத்தாளர் தம் பங்கைச் செய்துள்ளனர். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தார். என். எஸ். எம். இராமையா ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதையால் கொழுந்து மலையை இலக்கியத்திற்குக் கொண்டுவந்தார். 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் தம் வாழ்நாள் முழுவதும் அம்மக்களையே எழுதினார். எழுத்தாளர் ஏட்டிலேற்றிய சொற்களை ஆசிரியர் கொப்பியிலிருந்து இறக்குகின்றோம் என்றால், ஒரு கை நட்டதை மறுகை பிடுங்குவதாகும்.

ஆதலின், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எம் விண்ணப்பம் மூன்று. மலைநாட்டிலே கற்பிக்கும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் சிவப்புக் கோடிடுமுன், ‘இச்சொல்லின் பொருள் என்ன?’ என்று அப்பிள்ளையிடம் கேட்டறிதல் வேண்டும். பாடநூல் ஆக்கும் குழுக்களில் இடம்பெறும் நம் பழைய மாணவர், கீழ்வகுப்புப் பாடம் ஒன்றிலாவது லயமும் பீலியும் நிரையும் வரச்செய்தல் வேண்டும். மூன்றாவது, நம் கல்லூரித் தமிழ்ச்சங்கம் ஒரு சொல்லேடு தொடங்குதல் வேண்டும். அட்டன், நுவரெலியா, பதுளை, மாத்தளைப் பகுதிகளிலே தொழில்புரியும் பழைய மாணவர் பலர் உளர். மருத்துவர் நோயாளரிடமும், வழக்கறிஞர் கட்சிக்காரரிடமும், ஆசிரியர் பிள்ளைகளிடமும் கேட்ட சொற்களைப் பொருளோடும், கேட்ட ஊரின் பெயரோடும் எழுதியனுப்பினால், அடுத்த மலரிலே ஒரு சிறு பட்டியலேனும் வெளியிடலாம். மாணவரும் தத்தம் ஊரில் உழவர், மீனவர் வாயிலுள்ள சொற்களைச் சேர்க்கலாம். துலாவும் பட்டையும் கண்டறியாத பிள்ளைகள் நம் ஊரிலும் வளர்ந்துவிட்டனர்.

இதனைத் தொடங்குவோர்க்கு உதவியாக, எம் வகுப்பு மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டெழுதிய கொப்பி ஒன்றைக் கல்லூரி நூலகத்திற்கு அனுப்பியுள்ளோம். அதன் முதற் பக்கத்திலே முதற் சொல்லாக ‘நிரை’ என்று எழுதியிருக்கும். அதனை எழுதியவள், யாம் முன்னர்ச் சொன்ன அம்மாணவியின் மகள்.